டேங்கில் இருந்ததை இல்லை என்றேன்

பெட்ரோல் பங்க் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது, டிப் கம்பியை டேங்கில் விட்டு அளவு பார்ப்பது, வெயிலில் எட்டு மணி நேரம் நிற்பது எல்லாம் ஒரு மாதத்தில் வந்துவிடும். அதற்கு நான் தேவையில்லை. கோவில்பட்டியில் ஒரே பங்கில் முப்பத்தொரு வருடம் இருந்தேன். வண்டிகளுக்குக் காற்றடிக்கிற வேலையில் சேர்ந்தேன், மேனேஜராக வெளியே வந்தேன். அந்த முப்பத்தொரு வருடத்தில் செய்த நல்ல காரியம் எதையும் இங்கே எழுதப் போவதில்லை. அதைப் படித்து உங்களுக்கு ஒன்றும் ஆகாது. ஒரு நாள் காலையில் நான் செய்த கேவலமான காரியத்தைச் சொல்கிறேன். அது உங்களுக்கு உதவும்.

அதற்கு முன்னால் ஒன்று. திட்டு வாங்குவீர்கள். விலை ஏறின காலையில் வருகிறவன் மந்திரியைப் பார்க்க முடியாது, கம்பெனிக்காரனைப் பார்க்க முடியாது. சீருடையோடு நிற்கிற உங்களைத்தான் பார்ப்பான். தீப்பெட்டி ஆபீஸ் வேன் ஓட்டுகிற ஒருவர் விலை ஏறும்போதெல்லாம் எங்கள் செல்வியிடம், "என்ன தாயி, உக்காந்து யோசிச்சு ஏத்துனீயளோ?" என்பார். "ஆமா அண்ணாச்சி, உங்க வண்டி நம்பரைப் பாத்துத்தான் ஏத்துனோம்" என்று சொல்லிக்கொண்டே செல்வி குழாயை மாட்டுவாள். தீப்பெட்டித் தொழிற்சாலையை இங்கே ஆபீஸ் என்போம்; அவளும் அப்படி ஒரு ஆபீசில் பத்து வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவள்தான். அவர் சிரித்துவிட்டுப் போவார். திட்டுவது அவர்கள் உரிமை. வண்டியை வைத்துப் பிழைக்கிறவன் வேறு எங்கே போய்த் திட்டுவான்? வாங்கிக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது வேறு.

அது ஒரு மோசமான வருடம். மாதக்கணக்கில் ஏறிக்கொண்டே வந்த டீசல் விலையைத் தேர்தல் வருகிறது என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். வெளியே எண்ணெய் விலை நிற்கவில்லை. விற்கிற ஒவ்வொரு லிட்டருக்கும் நஷ்டம் என்று கம்பெனி லோடைக் குறைத்தது. முன்பணம் கட்டிவிட்டு நாலு நாள் காத்திருப்போம், டேங்கர் லாரி வராது. போன் செய்தால் "சிஸ்டம் வேலை செய்யல சார்" என்பார்கள். விலை ஏறினால் சனம் சாகும், ஏறாவிட்டால் லோடு வராது. இதுதான் இந்தத் தொழில்.

அதே நேரத்தில் கடல் பேச்சு கிளம்பியது. தெற்குக் கடலில் கிணறு தோண்டி எண்ணெய் எடுக்க ஏலம் விடப் போகிறார்கள் என்று பேப்பரில் வந்தது. தோண்டினால் நம் எண்ணெய் நமக்கு, விலை குறையும் என்றது ஒரு கட்சி. தோண்டினால் மீன் அழியும், வரியைக் குறைத்தாலே விலை குறையும் என்றது இன்னொரு கட்சி. எங்கள் பங்கில் நின்றால் கடல் தெரியாது. கண்ணுக்கு எட்டின வரை கரிசல்காடும் மின்சாரக் காற்றாடிகளும்தான். ஆனாலும் டீசல் போட வந்தவர்கள் எல்லாரும் கடலைப் பற்றியே பேசினார்கள்.

புரட்டாசிக் கடைசியில் மழை பெய்தது. வெளியூரிலிருந்து வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளுக்காக இதைச் சொல்கிறேன். கரிசல் மண்ணில் மழை பெய்த அன்றைக்கு இறங்கினால் டிராக்டர் சக்கரம் புதைந்துவிடும். ஒரு வாரம் கழித்து இறங்கினால் மண் பாளம் பாளமாக வெடித்திருக்கும். நடுவில் இரண்டு நாளோ மூன்று நாளோதான் பதம். அதற்குள் விதைத்தால் அந்த வருடம் வெள்ளாமை உண்டு. விதைப்பதற்குள் இன்னொரு மழை விழுந்தால் மறுபடி பத்து நாள் காட்டில் கால் வைக்க முடியாது, அதற்குள் விதைக்கிற பட்டம் தப்பிவிடும். அதனால் இந்தப் பக்கத்து டிராக்டர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் டீசல் கேட்கும். மழை பெய்த மூன்றாம் நாள் அப்படிக் கேட்டன.

அந்த மூன்றாம் நாளைத்தான் இரண்டு கட்சிகளும் போராட்டத்துக்குத் தேர்ந்தெடுத்திருந்தன.

முந்தின நாள் சாயங்காலம் தோண்டச் சொல்கிற கட்சியின் நகரச் செயலாளர் போன் செய்தார். "அண்ணாச்சி, நாளைக்குப் பதினோரு மணிக்கு பஸ் ஸ்டாண்டுகிட்ட ஆர்ப்பாட்டம். டீசல் தட்டுப்பாட்டைக் கண்டிச்சுத்தான். எட்டு வேன் வரும், எடுத்து வச்சிருங்க. இல்லன்னு சொல்லிராதீய" என்றார். சரி என்றேன். அரை மணி நேரத்தில் தோண்டக் கூடாது என்கிற கட்சியின் ஒன்றியச் செயலாளர் பேசினார். அவர்கள் கடற்கரைக்குப் போகிறார்கள், மீனவர்களுக்கு ஆதரவாக ஊர்வலம், ஏழு வேன். அவருக்கும் சரி என்றேன்.

எடுத்து வைப்பது எங்கள் தொழிலில் ஒரு பழக்கம். தெரிந்தவர் போன் செய்தால், டேங்கில் இன்ன அளவு அவருக்கு என்று மனதில் கோடு போட்டுக்கொள்வோம். அந்தக் கோட்டுக்கு டீசல் இறங்கியதும் 'ஸ்டாக் இல்லை' என்று பலகை மாட்டிவிடுவோம். நான் பார்த்த பங்குகளில் எல்லாம் செய்தார்கள். ஆம்புலன்சுக்காக எடுத்து வைத்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நான் எடுத்து வைத்தது பயத்தில். அதற்கு முந்தின வருடம் ஒரு கட்சிப் பையன் எங்கள் மீட்டர் கண்ணாடியைக் கல்லால் உடைத்திருந்தான். மதுரையில் இருக்கிற முதலாளியிடம் போனில் கேட்டேன். "வம்பு வேண்டாம், ரெண்டு பேருக்கும் குடுத்துரு" என்றார். போராட்ட நாள் என்பதால் கேனிலும் பாட்டிலிலும் ஊற்றக் கூடாது என்று போலீசிலும் சொல்லியிருந்தார்கள். ஆக, சட்டம், முதலாளி, பழக்கம் மூன்றும் என் பக்கம் இருந்தன. கோழைக்கு இதைவிட வசதி வேறு வேண்டுமா?

காலை பத்து மணிக்கு டிப் கம்பியை விட்டுப் பார்த்தேன். ஐந்நூற்றைம்பது லிட்டர் டீசல் இருந்தது. பலகையை மாட்டச் சொன்னேன். டீசல் குழாய்க்கு முன்னால் கயிற்றைக் கட்டினேன். வெளியே ஆறு டிராக்டர்கள் நின்றன.

செல்வி என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள். "அண்ணாச்சி, இருக்குல்லா?"

"இருக்கு. வேன் வரும்."

"டிராக்டரு நிக்குல்லா?"

"நிக்கட்டும். ஒன் வேலையப் பாரு."

அவள் கயிற்றை ஒரு முறை பார்த்தாள். பெட்ரோல் பக்கம் போய்விட்டாள்.

பத்தரை மணி மினி பஸ்ஸில் ஒரு பெண் இறங்கி வந்தாள். ஐம்பது வயது இருக்கும். கையில் இருபது லிட்டர் கேன். கால் முட்டு வரை கரிசல் மண் ஒட்டியிருந்தது. நேராகக் காட்டிலிருந்து வந்திருக்கிறாள். பெயர் ரெங்கம்மா, கழுகுமலை ரோட்டில் ஒரு கிராமம் என்று பிறகு தெரிந்தது. பலகையைப் பார்த்தாள். எழுத்துக் கூட்டி வாசித்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"ஐயா, டீசலு சுத்தமா இல்லியா?"

"இல்லம்மா. இருந்தாலும் கேன்ல ஊத்தக் கூடாது. போலீஸ் ஆர்டரு."

"டிராக்டரு காட்டுலயே நின்னு போச்சுய்யா. விதைப்பெட்டியோட நிக்கு. ஓட்டுறவன் டீசல் கொண்டாந்தா ஓட்டுதேங்கான். நாலு ஏக்கரு. ஒண்ணரைதான் ஆயிருக்கு."

"லாரி வந்தாத்தான்மா."

"எப்ப வரும்?"

"தெரியாது."

"சரிய்யா. நான் இருந்து பாக்கேன்" என்றாள்.

சண்டை போட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். சண்டை போடுகிறவனைச் சமாளிக்க நமக்குத் தெரியும். அவள் நான் சொன்னதை நம்பினாள். காற்றடிக்கிற மிஷினுக்குப் பக்கத்து நிழலில் கேனைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். ரோட்டில் எந்த லாரி வந்தாலும் எழுந்து நின்றாள். பால் லாரிக்கு எழுந்தாள். தண்ணீர் லாரிக்கு எழுந்தாள். அது தாண்டிப் போனதும் உட்கார்ந்தாள். நான் கண்ணாடி அறைக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

சற்று நேரத்தில் அந்தோணி வந்தான். கடற்கரை ஊர்க்காரன். குட்டியானை வண்டியில் ஐஸ் பெட்டியோடு மீன் கொண்டுவந்து கோவில்பட்டியிலும் கழுகுமலையிலும் விற்கிறவன். அன்றைக்குப் பாதி மீன் கழுகுமலைக்குப் போக வேண்டியது. டீசல் முள் அடிமட்டத்தில் கிடந்தது. பலகையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு வரிசையில் நின்றான். வரிசையில் முதல் ஆளாக நின்ற மூக்கையா என்கிற டிராக்டர்காரருக்கு அவனைப் பார்த்ததும் எரிச்சல் வந்துவிட்டது.

"இந்தா வந்துட்டாருல்லா. இவிய ஆளுகதான் கடலத் தொடாதங்காவ. தொட்டுருந்தா இன்னைக்கு டீசல் ஓடும்லா."

"தொட்டா ஓடும்யா. உம்ம வீட்டுக்கு ஓடுமா?" என்றான் அந்தோணி. "நம்ம கடல்ல எடுத்ததுன்னு பாதி விலைக்குத் தருவானா? வெளிநாட்டுக்காரன் விக்க வெலைக்குத்தான் அதையும் விப்பான். எங்களுக்கு மீனும் போயிரும், உமக்கு டீசலும் கெடைக்காது."

"அதெல்லாம் பேசத் தெரியும். எங்க காட்டுல காத்தாடி நட்டான், சோலாருக்கு நெலத்த வளைச்சான். அப்ப நீங்க யாராச்சும் கொடி பிடிச்சு வந்தீயளா?"

"கூப்பிட்டீயளா?"

மூக்கையா யோசித்தார். "கூப்பிடல."

"நானும் உம்மக் கூப்பிடல. நான் மீன் விக்க வந்தவன். ஐஸ் உருகிக்கிட்டு இருக்கு."

வரிசையில் எல்லாரும் சிரித்தார்கள். மூக்கையாவும் சிரித்துவிட்டு ஒரு பீடியை எடுத்து அவனிடம் நீட்டினார். செல்வி பெட்ரோல் குழாயோடு கத்தினாள்: "ஏய்! பங்குக்குள்ள பீடியா? ரோட்டுக்குப் போங்க. எல்லாரையும் மொத்தமா மேல அனுப்பிராதீய!"

இரண்டு பேரும் ரோட்டோரம் போய்ப் பற்ற வைத்தார்கள். சண்டை அதோடு முடிந்தது. முப்பத்தொரு வருடத்தில் நான் பார்த்தது இது. வரிசையில் நிற்கிறவர்கள் எவ்வளவு கோபமாகப் பேசினாலும் கடைசியில் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்வார்கள். இரண்டு பேருக்கும் இல்லாதது ஒன்றுதான் என்று அவர்களுக்குத் தெரியும்.

பதினொன்றே காலுக்குத் தோண்டச் சொல்கிற கட்சியின் எட்டு வேன்கள் வந்தன. நான் கயிற்றை அவிழ்த்தேன். டீசல் போடச் செல்வியைக் கூப்பிட்டேன். முதல் வேனின் மேலே கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கியில் பதிவு செய்த குரல் ஓடிக்கொண்டிருந்தது. 'டீசல் இல்லாமல் விவசாயி கண்ணீர் வடிக்கிறான்' என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது.

முதல் வேன் முடிந்தது. இரண்டாவது வேனின் ஓட்டுநர் செல்வியிடம், "போதும்மா, பஸ் ஸ்டாண்டுக்குப் போக இவ்வளவு எதுக்கு? எங்கிட்டயே அரை டேங்க் கெடக்கு. அவிய நெறப்பச் சொன்னாவ" என்று மெல்லச் சொன்னதை நானும் கேட்டேன். அவர் வாடகை வண்டிக்காரர். வரிசையில் நின்றவர்களை அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ரெங்கம்மா எழுந்து வந்தாள். கேன் கையில் இருந்தது.

"ஐயா, டீசல் வந்துட்டா? லாரியே வரலியே."

செல்வி குழாயைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தாள். "நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி. நான் சொல்ல மாட்டேன்" என்றாள்.

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "இது அவசரத்துக்கு வச்சிருக்க ஸ்டாக்கும்மா. கவர்மெண்டுக்கு" என்றேன். முதல் பொய்யைப் பயத்தில் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது பொய்யை மானம் காக்கச் சொன்னேன். இரண்டாவதுதான் மோசம்.

அவள் வேன்களைப் பார்த்தாள். "இதெல்லாம் கவர்மெண்டு வண்டியா?" என்று கேட்டாள். குத்திக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"ஆமாக்கா" என்றான் அந்தோணி, பின்னாலிருந்து. "கவர்மெண்டுதான். கோஷம் போடுத டிபார்ட்மெண்டு."

வரிசையில் சிரிப்புக் கிளம்பியது. பிறகு அது கோபமாக மாறத் தொடங்கியது. மூக்கையா, "ஏலே, காலையில இருந்து நிக்கவனெல்லாம் கிறுக்கனா?" என்று முன்னால் வந்தார். அதே நேரத்தில் தோண்டக் கூடாது என்கிற கட்சியின் ஏழு வேன்களும் எதிர்ப்பக்கமாக உள்ளே நுழைந்தன. இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே பங்கில், ஒரே டீசல் குழாய்க்கு முன்னால். யாருக்கு முதலில் என்று சண்டை ஆரம்பித்தது. இந்தப் பக்கம், "கடலைத் தோண்டு!" என்றார்கள். அந்தப் பக்கம், "தோண்டாதே!" என்றார்கள். இடையில் செல்வி குழாயோடு நின்றாள்.

அந்தோணியின் வண்டியில் மீன் பெட்டிகளைப் பார்த்ததும் ஒன்றியச் செயலாளருக்கு உற்சாகம் வந்துவிட்டது. மைக்கை இழுத்து வந்து அவன் வாயருகில் நீட்டினார். "மீனவச் சகோதரரே, கடலைத் தோண்டினா என்ன ஆகும்னு நீங்களே இவங்களுக்குச் சொல்லுங்க."

அந்தோணி மைக்கைத் தள்ளினான். "எனக்கு மைக்கு வேண்டாம் அண்ணாச்சி. பத்து லிட்டர் டீசல் வாங்கிக் குடுங்க."

ரெங்கம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றாள். மேற்கே பார்த்தாள். கழுகுமலைப் பக்கம் மேகம் கறுத்திருந்தது. யாரையும் பார்க்காமல், "மேகம் எறங்குது. நான் போறேன்" என்றாள். வெறும் கேனைத் தூக்கிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடந்தாள்.

எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாது. மனச்சாட்சி பேசியது என்றெல்லாம் எழுதினால் அது இன்னொரு பொய். அந்தக் கேன் அவள் காலில் தட்டித் தட்டி வெறும் சத்தம் எழுப்பியது. ஒலிபெருக்கி சத்தத்தைத் தாண்டி அது எனக்குக் கேட்டது. கடலில் எண்ணெய் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. தோண்டினால் விலை குறையுமா என்றும் தெரியாது. என் டேங்கில் எவ்வளவு இருந்தது என்று எனக்குத் தெரியும். அங்கே இருந்தவர்களில் அது உறுதியாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

செல்வியிடமிருந்து குழாயை வாங்கினேன். "ஏம்மா, நில்லு!" என்று கத்தினேன். அவள் நின்றாள். திரும்பி வரவில்லை. நான்தான் ஓடிப் போய்க் கேனை வாங்கி வந்தேன்.

நகரச் செயலாளர் என் கையைப் பிடித்தார். "அண்ணாச்சி, கேன்ல ஊத்தக் கூடாதுன்னு போலீஸ் சொல்லியிருக்கு. தெரியும்லா?"

"தெரியும். கேஸ் போடச் சொல்லுங்க."

பாதுகாப்புக்கு வந்திருந்த ஏட்டையா கொஞ்ச தூரத்தில் நின்றார். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் கேனைப் பார்த்தார், ரெங்கம்மாவின் காலில் இருந்த மண்ணைப் பார்த்தார். "நான் டீ குடிக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. நல்ல மனிதர்.

இருபது லிட்டர் நிரப்பினேன். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். "நானூறு லிட்டருக்குமேல இருக்கு. காலையிலயே இருந்துச்சு. நான் இல்லன்னு பொய் சொன்னேன். இனி வரிசைப்படி, ஆளுக்குப் பத்து லிட்டர். வேனுக்குக் கெடையாது."

பாராட்டு கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். உண்மையைச் சொன்னவனுக்குத்தான் அடி விழும். கட்சிக்காரர்களை விட்டுவிட்டு எல்லாரும் என்மேல் பாய்ந்தார்கள். மூக்கையா கெட்ட வார்த்தையில் திட்டினார். "ரெண்டு மணி நேரம் வெயில்ல நிறுத்தி வச்சியேலே!" என்று ஒருவர் என் சட்டையைப் பிடித்தார். சட்டைப்பையோடு பொத்தானும் போயிற்று. அவர்கள் திட்டியதில் ஒரு வார்த்தைகூட அதிகம் இல்லை. இரண்டு செயலாளர்களும் என்னைத் திட்டுவதில் ஒன்று சேர்ந்துவிட்டார்கள். அந்த வருடத்தில் அவர்கள் ஒத்துப் போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

செல்வி மட்டும் வேலையைப் பார்த்தாள். "திட்டுறவிய வரிசையில நின்னு திட்டுங்க. வரிசை கலைஞ்சா டீசல் கெடையாது" என்றாள். வரிசை நின்றது.

ரெங்கம்மா நிரம்பின கேனோடு மினி பஸ்ஸுக்குப் போகப் பார்த்தாள். டீசல் கேனைப் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். அந்தோணிக்கு முன்னால் இன்னும் நாலு டிராக்டர்கள் இருந்தன. மூக்கையாதான் சத்தம் போட்டார். "ஏ மீனு! நீ முன்ன வா. நீ அந்தப் பக்கம்தான போற? அந்த அம்மாவ ஏத்திக்கிட்டுப் போ."

"நான் கடலத் தொடவிடாதவன்லா?" என்றான் அந்தோணி.

"அத நாளைக்குப் பேசுவோம். இப்ப வண்டிய எடு."

பத்து லிட்டர் போட்டேன். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் கேனைக் கயிற்றால் கட்டினார்கள். ரெங்கம்மா முன்னால் ஏறினாள். அப்போது என்னை ஒரு முறை பார்த்தாள். நன்றி என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அவளுடைய ஒன்றரை மணி நேரத்தை நான் எடுத்துக்கொண்டேன், திருப்பித் தர என்னிடம் எதுவும் இல்லை.

மூன்று மணிக்கு மழை இறங்கியது. பங்கின் கூரைக்கு அடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல மழை. ஊரே சந்தோஷப்பட்டிருக்கும். நான் அந்த நாலு ஏக்கரில் எவ்வளவு விழுந்திருக்கும் என்று கணக்குப் போட்டேன்.

சாயங்காலம் முதலாளி போன் செய்தார். பத்து நாள் வீட்டில் இருக்கச் சொன்னார். இருந்தேன். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. இரண்டு கட்சிக்காரர்களும் அவரைக் கூப்பிட்டு மிரட்டியிருந்தார்கள். மதுரையில் உட்கார்ந்துகொண்டு அவர் பயந்தார், கோவில்பட்டியில் நின்றுகொண்டு நான் பயந்தேன். அவ்வளவுதான் வித்தியாசம். கேஸ் எதுவும் வரவில்லை.

திரும்ப வேலைக்கு வந்த பிறகு அந்தோணி சொன்னான். பன்னிரண்டரைக்குக் காட்டுக்குப் போய்விட்டார்கள். வெறும் டேங்காக ஓடி நின்ற டிராக்டர் உடனே கிளம்பவில்லை. இஞ்சினுக்குப் போகிற டீசல் குழாயில் காற்று ஏறிவிட்டது. அதை எடுத்துக் கிளப்ப ஒரு மணி நேரத்துக்குமேல் ஆயிற்று. அவனும் மீனை விட்டுவிட்டு நின்று இஞ்சினில் இருக்கிற கைப்பம்பை அடித்திருக்கிறான். மழை வருவதற்குள் ஒன்றரை ஏக்கர் விதைத்தார்கள். முன்பே விதைத்ததோடு சேர்த்து மூன்று. மீதி ஒரு ஏக்கரில் விதை விழவில்லை. பிறகு இறங்கப் பத்து நாள் ஆயிற்று, பட்டம் போய்விட்டது. அந்த ஒரு ஏக்கர் அந்த வருடம் முழுக்கச் சும்மா கிடந்தது. காலை பத்தரைக்கே நான் கேனை நிரப்பியிருந்தால் அதுவும் விழுந்திருக்கும். எவ்வளவு யோசித்தாலும் இந்தக் கணக்கு மாறவில்லை.

அவன் மீனும் பாதி கெட்டுப் போயிற்று. அதைச் சொல்லும்போது சிரித்தான். "கடலத் தோண்டாமயே மீனு போச்சு அண்ணாச்சி" என்றான்.

உங்களிடம் நாளைக்கும் வருவார்கள். கடலைத் தோண்டலாமா என்று கேட்பார்கள். விலை எப்போது குறையும் என்று கேட்பார்கள். தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லுங்கள், அதில் வெட்கம் இல்லை. யாருக்கோ பயந்து ஏதோ ஒன்றை எடுத்து வைக்கச் சொல்வார்கள். எடுத்து வைப்பதற்கு முன்னால் வரிசையில் நிற்கிறவர்களின் காலைப் பாருங்கள். எந்த மண் ஒட்டியிருக்கிறது, காய்ந்திருக்கிறதா, ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு அதைப் பார்க்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

தை மாதம் முடிந்து ஒரு நாள் ரெங்கம்மா மறுபடி வந்தாள். மருந்தடிக்கிற மிஷினுக்கோ எதற்கோ ஐந்து லிட்டர் வேண்டியிருந்தது. அன்றைக்குப் பலகை இல்லை, கயிறு இல்லை, வரிசைகூட இல்லை. செல்வி சும்மா நின்றாள். ஆனாலும் ரெங்கம்மா செல்வியிடம் போகவில்லை. கண்ணாடி அறைக்கு வந்து, கதவைத் திறந்து, என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"இருக்கா? இல்ல, இருந்தும் இல்லியா?"

செல்வி வெளியே சிரித்தாள். ரெங்கம்மா சிரிக்கவில்லை, பதிலுக்கு நின்றாள். நான் எழுந்து டிப் கம்பியை எடுத்துக்கொண்டு போய் டேங்கில் விட்டேன். வெளியே எடுத்து, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று அவளுக்கே காட்டினேன். அவள் குனிந்து நிதானமாகப் பார்த்தாள். பார்த்த பிறகுதான் கேனை நீட்டினாள்.

நான் ஓய்வு பெறுகிற வரைக்கும், வந்த ஒவ்வொரு முறையும் அப்படித்தான் பார்த்துவிட்டு வாங்கினாள். ஒரு முறைகூட நான் வாயால் சொன்னதை நம்பவில்லை.